படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கௌரவம். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரை, மட்டாஞ்சேரியில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி இலங்கையின் மலைநாட்டில் இருக்கும் ஒரு விடுதியின் கவுண்டர் பெண் என்னுடைய மூன்று மெமரி கார்டுகளைத் திருடிவிட்டாள் என்று நம்பினேன். சும்மா திருடவில்லையாம், அதே நிறத்தில் மூன்று வெற்றுக் கார்டுகளை உறையில் போட்டு என் தலையில் கட்டிவிட்டாளாம். எதற்காக அப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் பதறிப்போனால் புத்தி கடைசியாகத்தான் வந்து சேரும், அதுவும் படகு பிடித்து.

நான் யாரென்று சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மணக்கிற ஒரு சந்தில், சின்னதாக வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், நிச்சயம், பூப்புனித நீராட்டு, எது வந்தாலும் எடுப்பேன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து நகராட்சி வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். என் கடையின் வாடிக்கையாளர் சேவை எப்படிப்பட்டது என்றால், ஆல்பம் எப்போது கிடைக்கும் என்று கேட்ட மணப்பெண்களுக்கெல்லாம் "அடுத்த ஆழ்ச்ச", அதாவது அடுத்த வாரம், என்று ஒரே பதில்தான். சில பேர் முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆல்பம் வாங்கிப் போயிருக்கிறார்கள். போகிறபோது குழந்தையையும் ஒரு போட்டோ எடுத்துக் கொடுப்பேன், இலவசமாக.

இப்படிப்பட்ட ஆளை ஒரு தொண்டு அமைப்பு இலங்கைக்கு அனுப்பியது. அங்கே தேயிலைத் தோட்டத்து மலை ஒன்றில் பெருமழை பெய்து மண் சரிந்து, ஒரே வரிசையாகக் கட்டியிருந்த தொழிலாளர் வீடுகள் புதைந்துபோயிருந்தன. அந்த வரிசை வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். உயிர்கள் பிழைத்தது பெரிய புண்ணியம். ஆனால் பதினான்கு குடும்பங்களின் காகிதங்கள் மொத்தமாகப் போய்விட்டன. யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று காட்டினால்தான் புது வீட்டுப் பட்டியலில் பெயர் ஏறும். அதனால் ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு இருந்த மண்ணின்மேல் நின்று, இங்கே வாசல், இங்கே அடுப்பு, பக்கத்து வீட்டில் இன்னார் என்று கேமரா முன்னால் சொல்ல வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் அதை ஆமாம் என்று சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த கேமராக்காரன் வேண்டும், விசா பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், உடனே கிளம்ப வேண்டும். மூன்றும் சேர்ந்த ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். என்னால்தான் அந்தப் பதினான்கு வீடும் எழும்பப்போகிறது என்ற மிதப்போடு விமானம் ஏறினேன்.

மலைமேல் ஒரு சின்ன ஊர். அதில் ஒரு விடுதி. கீழ்த்தளத்துச் சுவரில் என் மார்பு உயரத்துக்கு வெள்ளம் நின்ற கறை இன்னும் இருந்தது. விடுதியை மறுபடி திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தனவாம். கவுண்டரில் ஒரே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் பையை இறக்கி வைப்பதற்குள் இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள்.

"வாசிச்சிட்டு சைன் பண்ணுங்க சார்."

"தங்கச்சி, நான் தூங்க வந்தவன். சொத்து எழுதி வாங்கவா வந்தேன்?"

"இல்ல சார், வாசிச்சிட்டு."

நான் வாசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், "சாயா கிடைத்தால் மிச்சத்தையும் எழுதித் தருகிறேன்" என்று எழுதினேன். அவள் சிரிக்கவில்லை. அதையும் ஒரு முறை வாசித்துவிட்டு, பிளேன்டீ ஒன்று கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

அந்த ஒரு வாரமும் அவளுடைய படிவங்களை நான் கேலி செய்யாத வேளை கிடையாது. துணி துவைக்கப் போட்டால் ஒரு சீட்டு. அதற்கு ஒரு நகல். சாவிக்கு ஒரு பதிவேடு. அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய இன்னொரு பதிவேடு மாடியில். சாயங்காலம் நான் மலையிலிருந்து இறங்கியதும் எடுத்த கார்டை அவளிடம் கொடுத்துவிடுவேன், பெட்டகத்தில் வைக்க. என் அறைத் தாழ்ப்பாள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காலையில் உறையில் போட்டு, ஒட்டி, நாளும் நேரமும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தருவாள். "தங்கச்சி, இது கார்டா, கர்ப்பிணியா?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

மலையில் வேலை நன்றாகவே நடந்தது. முதல் நாள் மட்டும் ஒரு கூத்து. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா, சேற்றில் கால் புதைய நின்று, தன் வீட்டு வாசல் இருந்த இடத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று, முப்பது வருடப் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. சுற்றி நின்ற பதினான்கு குடும்பமும் திரும்பி என்னைப் பார்த்தன. பூமி பிளந்து என்னையும் அந்த லயத்தோடு சேர்த்துக்கொள்ளாதா என்று இருந்தது.

அந்த அம்மாதான் காப்பாற்றினாள். "சிரிச்சா வீடு தருவாங்களாண்ணே?" என்றாள்.

பிறகு அவளே சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு யாருக்கும் என்முன் கூச்சம் இல்லை.

அதே அம்மா இன்னொன்றும் சொன்னாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள்: "கல்யாணப் பதிவு, புள்ளைங்க பொறந்த பதிவு, எல்லாத்தையும் ஒரே தகரப் பெட்டியில வச்சிருந்தேண்ணே. பெட்டியோட போச்சு. இப்ப புதுசா எடுத்த பேப்பரோட கொப்பி கீழ்வீட்டு அக்காகிட்ட இருக்கு. அவங்களுது என்கிட்ட இருக்கு. இங்க எல்லாரும் இப்ப அப்படித்தான். ஒண்ணை ஒரே எடத்துல வைக்கவே மாட்டோம்."

கொப்பி என்றால் அங்கே நகல். அருமையான பேச்சு. நான் என்ன செய்தேன்? "நல்லா இருக்கு, வெளிச்சம் முகத்தில விழற மாதிரி இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். இரண்டு முறை பதிவு செய்தேன். ஒரு முறைகூட அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று தோன்றவில்லை.

இப்போது எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். கல்யாணக் கூட்டத்தில் பை தொலையும், யாராவது தவறி எடுத்துப் போவார்கள், பாயசம் கொட்டும். அதனால் எடுத்து முடித்த கார்டு ஒரு நிமிடம்கூட பையில் தங்காது. சட்டைப் பைக்குப் போய், வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்குக் கீழே இருக்கும் மிட்டாய் டப்பாவுக்குப் போகும். பையில் இருந்தால் அது காலி கார்டு. இது சட்டம். காலி கார்டைக் கேமராவில் போட்டதும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுகூட இல்லை. பழைய மிச்சம் மீதி எதுவும் இருக்கக்கூடாது என்று முதல் வேலையாக அழித்துத் துடைப்போம். கையே அதைச் செய்துவிடும், கண் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் ஆறு கார்டு கொண்டுபோயிருந்தேன். மூன்று நிறைந்திருந்தது, மூன்று காலி. நிறைந்த மூன்றும் அந்தப் பெண் ஒட்டிக் கொடுத்த உறைகளில். கொழும்பு விமான நிலையத்தில் பரிசோதனைக்காரர் உறைகளைப் பார்த்து ஏதோ கேட்க, நான் ஒன்றும் மறைக்கவில்லை என்று காட்டும் உற்சாகத்தில் மூன்று உறையையும் கிழித்து, ஆறு கார்டையும் ஒரே சிறிய பையில் கொட்டிவிட்டேன். அவர் கிழிக்கச் சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை காலை நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கினேன். அன்றைக்கே மட்டாஞ்சேரியில் ஒரு கல்யாணம், ஆறு மாதம் முன்பே ஒத்துக்கொண்டது. வீட்டுக்குப் போக நேரமில்லை. டாக்சியை நேராக மண்டபத்துக்கு விடச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் நல்ல ஆட்டக்காரர்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் மட்டும் இடைவெளியே விடாமல் ஆடினார். மூன்று கார்டு ஏறக்குறைய நிறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை இலங்கையில், புது வீட்டுப் பட்டியலுக்காக, அதிகாரிகளின் விசாரணை. அதற்குள் பதினான்கு வீடியோவையும் வெட்டி ஒட்டி நான் அனுப்பியாக வேண்டும். ஆறு கார்டையும் வரிசையாகச் செருகிப் பார்த்தேன். மூன்றில் கல்யாணம். மற்ற மூன்றிலும் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி.

பதினான்கு குடும்பம். சேற்றில் நின்று காட்டிய வாசல்கள். மூன்று நாளில் விசாரணை. என் கையில் இருப்பது தாய்மாமன் ஆட்டம்.

ஒன்பது மணியிலிருந்து நான் செய்தவற்றை வரிசைப்படுத்தினால் மானம் போகும், ஆனாலும் சொல்கிறேன். காலி கார்டை வாயால் ஊதினேன். வேட்டியில் துடைத்தேன். சாமி படத்தின் கீழே அரை மணி நேரம் வைத்து எடுத்துப் பார்த்தேன். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனேன். கார்டுகள் மேஜைமேல் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போனேன்.

என் மனைவி சாயாவோடு வந்து நின்றது கால் மட்டும் தெரிந்தது.

"எந்தா இது மனுஷா? கட்டிலுக்கு அடியில எந்தா தேடுறீங்க?"

"இலங்கையைத் தேடுறேன்."

"வெளிய வந்து சாயா குடிச்சிட்டுத் தேடுங்க. அது எங்கயும் போகாது."

வெளியே வந்து போனை எடுத்தேன். அதிலிருந்து அந்த நாள் முழுக்கப் போன் என் காதை விட்டு இறங்கவில்லை. முதலில் விமான நிறுவனம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் இருபது நிமிடம் பாடியது. பிறகு ஒரு மனிதக்குரல், பை வந்து சேர்ந்ததா என்று கேட்டது. சேர்ந்தது என்றேன். பூட்டு உடைந்திருந்ததா? இல்லை. அப்படியானால் என்ன காணவில்லை? "உள்ளடக்கம்" என்றேன். அவர் ஒரு புகார் எண் கொடுத்தார், மனமிரங்கி. அடுத்தது கார்டு தயாரிக்கும் நிறுவனம். கார்டைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். நாற்பது தடவை போட்டேன் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். பிறகு விமான நிலையம், பிறகு டாக்சிக்காரர், பிறகு மறுபடி விமான நிறுவனம். இடையில் யாரோ அழைப்பது போல 'பீப் பீப்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டார் ஆல்பம் கேட்கிறார்கள் என்று நினைத்து எடுக்கவில்லை.

மத்தியானம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஞானம் பிறந்தது. உறையில் கொடுத்தது யார்? கவுண்டர் பெண். ஒவ்வொரு சாயங்காலமும் கார்டை வாங்கிக்கொண்டு போனது யார்? கவுண்டர் பெண். இப்போது மூன்று கார்டு காலி. விஷயம் முடிந்தது. என் நகைச்சுவைக்கு ஒரு வாரம் சிரிக்காதவளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

விடுதிக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். திருடியிடம் கேட்டால் உண்மை சொல்லுவாளா? அதனால் ஊருக்கே சொன்னேன். இணையத்தில் விடுதியின் பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "விருந்தினர் ஒப்படைக்கும் பொருளை மாற்றிவைத்து ஏமாற்றும் கவுண்டர். ஜாக்கிரதை" என்று எழுதி, மனைவியிடம் காட்டினேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "அந்தப் பொண்ணைத் திருடின்னு எழுதிட்டீங்களா?"

"அவளைச் சொல்லல. பேரே போடலையே. கவுண்டர்னுதான் போட்டேன்."

"அந்தக் கவுண்டர்ல எத்தனை பேரு?"

அந்த நேரத்தில் விடுதியிடமிருந்து மறுமொழி வந்தது. "மதிப்புக்குரிய விருந்தினருக்கு, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்..." என்று ஆரம்பித்தது. அதற்குக் கீழே 'மேலும் வாசிக்க' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது. எல்லாக் கடைக்காரனும் சொல்கிற அதே பல்லவி. நானே ஆயிரம் மணப்பெண்களிடம் பாடியதுதான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை படகேறி எர்ணாகுளம் போனேன். அழிந்த படங்களை மீட்டுத் தருகிற கடை ஒன்று அங்கே இருக்கிறது. கடைக்காரச் சேட்டனுக்கு என் வயதுதான் இருக்கும், கண்ணாடி நெற்றியில். காலி கார்டு மூன்றையும் கொடுத்து, "இதில் இருந்ததை எடுத்துத் தரணும் சேட்டா, பதினாலு குடும்பத்தோட ஜீவிதம்" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தார். "இதில் ஒந்நும் இல்லல்லோ. ஒரிக்கலும் ஒந்நும் எழுதியிட்டே இல்ல. புத்தம் புதுசு."

"அதேதான்! மாத்தி வச்சிட்டாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சேட்டன் மத்த மூணையும் தா. சும்மா ஒந்நு நோக்கட்டே."

"அதில் கல்யாணம்தான் இருக்கு."

"தா மாஷே."

கொடுத்தேன். முதல் இரண்டிலும் தாய்மாமன் ஆடினார். மூன்றாவது கார்டில் கடைசி ஓரத்தில், கல்யாணம் போய்ச் சேராத கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தார். திரையில் பாதி சாம்பல், பாதி கோடு, நடுவில் நகம் அளவு ஒரு படம். சேற்றில் ஒரு பெண், கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டு.

"இது ஆரா சேட்டா?" என்றார்.

அது யாரென்று எனக்குத் தெரியும். சிரித்தால் வீடு தருவார்களா என்று கேட்டவள். அவளுக்கு மேலேதான் நான் தாய்மாமனை ஆடவிட்டிருக்கிறேன். கையைப் பைக்குள் விட்டு, பையில் இருந்தால் காலி என்ற சட்டப்படி, நிறைந்த மூன்று கார்டையும் எடுத்து, பார்க்காமலே துடைத்துவிட்டு, மேலே கல்யாணம் எடுத்திருக்கிறேன். காலி கார்டுகள் பையிலேயே சமத்தாக இருந்திருக்கின்றன. யாரும் எதையும் மாற்றவில்லை. கேமரா திரையில் 'அழிக்கட்டுமா?' என்று கேட்டபோது 'ஆம்' என்று அழுத்தியது என் கட்டைவிரல்.

"போயது போயி," என்றார் சேட்டன், மெதுவாக. கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதில்தான் எனக்கு அழுகையே வந்தது.

திரும்பி வரும் படகில் போனை எடுத்து, முதல் வேலையாக அந்த ஒற்றை நட்சத்திரத்தை நீக்கினேன். அது இருபத்து நான்கு மணி நேரம் உலகத்தின் கண்முன் இருந்துவிட்டது. வெள்ளக் கறையைச் சுவரில் வைத்துக்கொண்டு, இப்போதுதான் மறுபடி கதவு திறந்த விடுதி. அதில் ஒரே ஒரு கவுண்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு, ஏதோ பெண் பார்க்கப் போவது போல் சட்டை மாற்றிக்கொண்டு, போன் முன்னால் உட்கார்ந்தேன். அழைப்பதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. கார்டு திரும்பி வராது. ஆனால் மறுநாள் விசாரணைக்கு அந்தக் குடும்பங்கள் என்னை நம்பி வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது. அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அதோடு அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தமாஷ் ஒண்ணும் வேண்டாம் கேட்டீங்களா. நேரே சொல்லுங்க."

இரண்டாவது மணியில் எடுத்தாள். அதே குரல். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திருடி என்று நினைத்ததை, எழுதியதை, என் கையே அழித்ததை, நாளைக்கு விசாரணைக்கு ஒன்றுமே இல்லை என்பதை. "மன்னிச்சுக்கம்மா" என்று முடித்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க அறை எண் சொல்ல முடியுமா சார்?" என்றாள்.

"நான்தான்மா. சாயா கேட்டவன்."

"தெரியும் சார். எண் சொன்னாத்தான் பதிவேட்டுல பார்க்க ஏலும்."

சொன்னேன். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பேனா மூடியைக் கழற்றும் சத்தம்கூடக் கேட்டது.

"உங்க மூணு கார்டுக்கும் கொப்பி இருக்கு சார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நீங்க சாப்பிடப் போற நேரத்துல எடுத்தது. ஒண்ணு இங்க மாடியில. ஒண்ணு டவுன்ல என் அக்கா வீட்டுல."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். புத்தி இன்னும் படகில்தான் இருந்தது.

"உங்களைத்தான் சார். ஃபோம்ல ஆறாவது பிரிவு. பெட்டகத்துல வைக்கிற பதிவுகளுக்குக் கொப்பி எடுத்து வைப்போம், பதிவுல இருக்கிறவங்க கேட்டா அவங்களுக்கும் குடுப்போம், வேண்டாம்னா இந்தக் கட்டத்துல வெட்டுங்கன்னு இருக்கு. நீங்க வெட்டல்ல. கீழ சாயா கேட்டு எழுதியிருக்கீங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

நான் ஏன் என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். வெள்ளம் வந்தபோது பெட்டகமே தண்ணீருக்குள் போய்விட்டதாம். ஒரு விருந்தாளி பாதுகாப்புக்குக் கொடுத்து வைத்திருந்த, இறந்துபோன மகளின் படங்கள் அதில் இருந்தனவாம். "அவருக்கு நாங்க வருந்துறோம்னு எழுதிக் குடுத்தோம் சார். அதை அவர் என்ன செய்ய?" என்றாள். "அதுக்குப் பிறகுதான் இந்த ஃபோம்." வெள்ளிக்கிழமை எனக்கு எழுதிய மறுமொழியிலும் கொப்பி பற்றித்தான் சொல்லியிருந்தாளாம். போனை வைத்த பிறகு, அந்த 'மேலும் வாசிக்க' என்பதை முதல்முறையாக வாசித்தேன். நான்காவது வரியில் இருந்தது: தங்கள் பதிவுகளின் பிரதி எங்களிடம் பத்திரமாக உள்ளது, தயவுசெய்து அழையுங்கள்.

வருந்துகிறோம் என்ற வார்த்தையை அவளும் எழுதினாள், விமான நிறுவனமும் சொன்னது, நானும் முப்பது வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அவள் அதற்குக் கீழே மூன்று வரி அதிகம் எழுதியிருந்தாள். சேவை என்பது அந்த மூன்று வரியில் இருக்கிறது. அதை வாசிக்கிற வேலை நம்முடையது, அதையும் நான் செய்யவில்லை.

இப்போது என் கடையிலும் ஒரு படிவம் இருக்கிறது. கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலமே பதிவின் நகல் ஒன்று தோப்பும்படியில் இருக்கும் என் மச்சினி வீட்டுக்குப் போய்விடுகிறது. மணப்பெண்ணின் அப்பாக்கள் படிவத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சேட்டா, கல்யாண வீடியோவா, கப்பல் வியாபாரமா?" என்று கிண்டல் செய்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன். ஆல்பம் மட்டும் இன்னும் 'அடுத்த ஆழ்ச்ச'தான், ஒரேயடியாகத் திருந்தினால் ஊர் பயந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கொப்பி இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்து, பழைய மிதப்பும் கூடவே வந்துவிட்டது. "அப்ப இப்பவே அனுப்புங்க தங்கச்சி. நான் ராப்பகலா உட்கார்ந்து முடிச்சு நாளைக்கு விசாரணைக்குக் குடுத்துடறேன். அவங்களைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன்.

"விசாரணை முடிஞ்சுதே சார்," என்றாள்.

அதிகாரிகள் தேதியை வெள்ளிக்கிழமைக்கே முன்னால் மாற்றிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை காலையிலேயே குடும்பத்தார் என்னை அழைத்துப் பார்த்திருக்கிறார்கள். போன் நாள் முழுக்கப் பேச்சிலேயே இருந்திருக்கிறது. அதனால் விடுதிக்கு இறங்கி வந்து, ஆறாவது பிரிவின்படி எழுதிக் கொடுத்து, இரண்டு பென் டிரைவில் வாங்கி, இரண்டு பேர் கையில் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. நான் "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்னதும் அப்படியே ஓடியிருக்கிறது. அதிகாரி நிறுத்தி மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாராம்.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து போனோடு மல்லுக்கட்டிய அந்தப் பகலிலேயே அவர்கள் தங்கள் வாசல்களைத் திரையில் காட்டி முடித்துவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் பதினான்கு குடும்பத்தின் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது.